விழாவும் வேடிக்கையும்: இந்தியப் பெருஞ்சந்தைகள் பற்றிய ஒரு திறனாய்வு

மணிமேகலைக் காப்பியம் ஒரு விழாவின் அறிவிப்போடு தொடங்குகின்றது. புகார் நகரில் 28 நாள் நிகழவேண்டிய இந்திரவிழாவை முரசறைந்து அறிவிக்கும் செய்தியே அதன் முதற் காதையாகும். அவ்விழாவைக் கைவிடின் நகருக்குத் தீங்கு நேரும் என்ற அச்சம் அவ்வறிவிப்பின் அடியிற் கிடக்கின்றது. பின்னர், மகனைக் காணாத துயரினாற் சோழ மன்னன் விழாவை மறந்தான் என்றும், அதன் பயனாகக் கடல் பொங்கி நகரைக் கொண்டது என்றும் சாத்தனார் கூறுகின்றார். இதனை வரலாறாகக் கொள்ளவேண்டும் என்பதில்லை. இதிற் பொதிந்துள்ள கருத்தே ஈண்டுப் போற்றத்தக்கது. நடந்தால் இன்பம், நடவாவிடினும் குறைவில்லை என்றிருக்கும் பொழுதுபோக்கு அன்று விழா. நடவாது போயின் அதனால் இழப்பெய்துவோர் சிலர் இருத்தல் வேண்டும். அவ்விழப்பே ஒரு கூட்டத்தை விழாவாக்குகின்றது.

இன்று இந்தியாவில் விழாவறையும் முரசு பெரும்பாலும் அரசாங்கத்தின் உல்லாசப் பிரயாணத் திணைக்களங்களின் கையில் இருக்கின்றது. இராஜஸ்தானத்துப் புஷ்கர் ஒட்டகச் சந்தை, பீகாரின் சோன்பூர்ச் சந்தை, மத்தியப் பிரதேசத்துக் கஜுராஹோ நடனவிழா, நாகாலாந்தின் ஹோர்ன்பில் விழா, ஹரியானாவின் சூரஜ்குண்டுக் கைப்பணி மேளா ஆகிய யாவும் அத்திணைக்களங்களின் விளம்பரங்களில் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றன. வண்ணம், பழமை, மரபு, கொண்டாட்டம் என்னும் சொற்களே எல்லாவற்றுக்கும் பொதுவாய் வழங்குகின்றன. ஆயின் இவை யாவும் ஓரினத்தனவா? இவற்றைப் பற்றி எழுதுவோரில் ஒருசாரார் எல்லாவற்றையும் பாரதப் பண்பாட்டின் உயிர்நாடி எனப் புகழ்கின்றனர். மற்றொரு சாரார், வெளிநாட்டார் வரவினால் எல்லாம் கெட்டொழிந்தன எனப் புலம்புகின்றனர். அளவுகோல் எதனையுங் கைக்கொள்ளாது கூறப்பட்டமையால் இவ்விரு தீர்ப்பும் கொள்ளத்தக்கன அல்ல.

முதற்கண், பிறநாட்டார் வருகைதான் குற்றம் என்னும் கூற்றை ஆராய்தல் தகும். இந்திரவிழா நிகழ்ந்த புகார் ஒரு துறைமுகப் பட்டினம். வேற்றுமொழி பேசும் வணிகர் அங்கே கலந்து உறைந்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. 7-ஆம் நூற்றாண்டிற் பிரயாகையில் ஹர்ஷ மன்னன் நடாத்திய தானப் பெருவிழாவைக் கண்டு எழுதிவைத்தவர் சீன யாத்திரிகராகிய யுவான் சுவாங் ஆவர். அவர் கண்டமையால் அவ்விழாவின் தன்மை குன்றிற்று என்பார் எவருமிலர். 1904-ஆம் ஆண்டு ‘சுவதேசி சமாஜம்’ என்ற தமது கட்டுரையில் இரவீந்திரநாத தாகூர் மேளாவின் இயல்பை ஆராய்ந்தார். கிராமம் தனது ஒடுங்கிய வாழ்வினின்றும் வெளிப்பட்டு, வெளியுலகைத் தன் இல்லத்துக்கு வருமாறு அழைக்கும் வழியே மேளா என்பது அவர் கருத்தின் சாரம். எனவே வெளியார் வருதல் மேளாவின் இலக்கணத்திற்கு மாறானதன்று. அதன் இலக்கணமே அதுவாகும். ஆனால் தாகூர் கூறிய முறையில் அழைப்பவர் கிராமத்தவர், வருபவர் விருந்தினர். இந்நிலை தலைகீழாகும்போதுதான் திறனாய்வாளனுக்கு வேலை உண்டாகின்றது.

அவ்வேலைக்கு மூன்று வினாக்கள் போதியன. விழாவுக்குரிய நாளைக் குறிப்பது யாது என்பது முதலாவது வினா. அங்கு வந்தோர் செய்யும் தொழில் யாது என்பது இரண்டாவது. பார்ப்போர் ஒருவரேனும் வாராத ஆண்டிலும் அது நடைபெறுமா, நடைபெறாவிடின் இழப்பு யாருக்கு என்பது மூன்றாவது. கும்பமேளாவை இவ்வினாக்களால் அளந்தால் விடை எளிதிற் கிடைக்கும். வியாழனும் சூரியனும் சந்திரனும் நிற்கும் நிலை அதன் நாளைக் குறிக்கின்றது. வந்தோர் நீராடுகின்றனர். பார்க்கவென்று ஒருவரும் வாராவிடினும் அது குறைவின்றி நடைபெறும். 2017-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதனைத் தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அவ்வாறு சேர்த்திராவிடினும் அதற்கு யாதொரு குறையும் நேர்ந்திராது. ஏனைய விழாக்களில் விடை இத்துணை எளிதன்று.

புஷ்கர் அஜ்மீருக்கு அணித்தாய், நாக மலைக்கு அப்பால் உள்ள ஒரு சிறு நகரம். பிரமதேவனுக்குக் கோயில் அமைந்த மிகச் சில தலங்களுள் அது பெயர்பெற்றது. 52 படித்துறைகள் சூழ்ந்த ஏரியில், வடநாட்டார் கணக்கிற் கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசி முதற் பௌர்ணமி வரை நீராடுதல் பெரும்புண்ணியமாகக் கருதப்படுகின்றது. நீராட வந்தோர் தம் கால்நடைகளையும் கொணர்ந்து விற்றும் வாங்கியும் சென்றமையாற் சந்தை உண்டாயிற்று. புண்ணியமும் வாணிகமும் ஒரு நாளையே பகிர்ந்துகொண்டன. மணல்வெளியில் ஒட்டகத்தின் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பவனும், அதிகாலையிற் படித்துறையில் இறங்குபவனும் பெரும்பாலும் ஒருவனே ஆவன். இத்தகைய கூட்டத்திற் பார்வையாளன் என்று ஒரு தனிச்சாதி இல்லை.

அச்சந்தையின் உயிராக விளங்கியோர் ரைக்கர் எனப்படும் ஒட்டக வளர்ப்போர். உமாதேவியார் விளையாட்டாக மண்ணால் வனைந்த விலங்குக்குச் சிவபெருமான் உயிரூட்டினார் என்றும், அவ்வொட்டகத்தைப் பேணுதற்கென்றே தம் முதல்வன் படைக்கப்பட்டான் என்றும் அவர்கள் கூறுவர். பெண் ஒட்டகத்தை விற்பதில்லை, இறைச்சிக்குக் கொடுப்பதில்லை என்பன அவர்தம் பழைய விரதங்கள். வண்டியிழுக்கவும் ஏர் பூட்டவும் உதவும் இளம் ஆண் ஒட்டகங்களை விற்பதே அவர்தம் ஆண்டு வருவாய். ஆதலின், புஷ்கர்ச் சந்தை நடைபெறாத ஆண்டில் இழப்பு யார்க்கு என்னும் வினாவுக்கு அங்கே திட்டவட்டமான விடை இருந்தது.

இன்று அவ்விடை தளர்ந்து வருகின்றது. உழவு யந்திரமும் லொறியும் ஒட்டகத்தின் தொழிலைக் கவர்ந்தன. மேய்ச்சல் நிலங்கள் சுருங்கின. 2014-ஆம் ஆண்டு ஒட்டகம் இராஜஸ்தான் மாநிலத்தின் விலங்காகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கொல்லுதலைத் தடைசெய்ததோடு, மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்லுதலையும் கட்டுப்படுத்தியது. நோக்கம் நன்றேயாயினும், வெளிமாநில வணிகர் வாராமையால் விலை வீழ்ந்தது. விலை வீழ்ந்தமையால் வளர்ப்போர் தொழிலைக் கைவிடத் தொடங்கினர். 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இராஜஸ்தானில் ஏறத்தாழ 3 இலட்சத்து 26 ஆயிரம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-இல் அத்தொகை 2 இலட்சத்து 13 ஆயிரமாகக் குறைந்தது. சந்தையின் பெயர் ஒட்டகச் சந்தையாகவே நிற்க, அண்மை ஆண்டுகளிற் குதிரை வாணிகமே அங்கு மேலோங்கியுள்ளது.

இதே காலத்தில் விழாவின் மற்றொரு பகுதி வளர்ந்தோங்கியது. மீசைப் போட்டி, தலைப்பாகை கட்டும் போட்டி, குடஞ் சுமந்தோடும் பந்தயம், உள்ளூராருக்கும் வெளிநாட்டாருக்குமிடையே கயிறிழுத்தல், ஒட்டக அலங்காரம் என்பன நிகழ்ச்சிநிரலில் இடம்பெற்றன. விலை பேசி முடித்த மந்தைகள் பௌர்ணமிக்கு முன்னரே ஊர் திரும்பத் தொடங்குகின்றன. விருந்தினர் திரண்டு வருவதோ அக்காலத்திலேதான். மணல்வெளி வெறுமையாகுந்தோறும் அரங்கம் நிறைகின்றது. 2022-ஆம் ஆண்டு மாட்டினங்களிடையே பரவிய தோல்நோய் காரணமாகக் கால்நடைச் சந்தை நிறுத்தப்பட்டது. ஆனால் நீராடலும் கலைநிகழ்ச்சிகளும் நடைபெற்றன. இதில் அதிகாரிகளைக் குறைகூற இடமில்லை. நோய்க்காலத்தில் மந்தைகளைக் கூட்டுதல் தகாது. எனினும் அவ்வாண்டு ஒரு பரீட்சை போல அமைந்தது. நீராடல் பிறர் பார்வையை வேண்டாதது, ஆதலின் நின்றது. கலைநிகழ்ச்சி பார்ப்போர்க்கென அமைந்தது, ஆதலின் அதுவும் நின்றது. இவ்விரண்டையும் இணைத்த சந்தை இல்லாதிருந்தும் விழா நிகழ்ந்தது என்றே எழுதப்பட்டது. அவ்வாறு எழுத இயன்றமையே கவலைக்குரியது.

பழஞ்சந்தையின் தேய்வு எல்லாவிடத்தும் இரங்கத்தக்கதும் அன்று. சோன்பூர்ச் சந்தை இதற்குச் சான்று. கண்டகி நதி கங்கையொடு கலக்குமிடத்தில், ஹரிஹரநாதர் கோயிலைச் சார்ந்து, அதே கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிக் கூடும் சந்தை அது. முதலையின் வாய்ப்பட்ட யானையைத் திருமால் காத்தருளிய கஜேந்திர மோட்சம் அங்கே நிகழ்ந்தது என்பர். யானை வாணிகத்தாற் பெயர்பெற்றிருந்த அச்சந்தையில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் யானை விற்பனையை ஒழித்தன. யானையைக் காத்த கதைக்குரிய தலத்தில் யானையை விலங்கிட்டு விற்கும் வழக்கம் நீங்கியது மரபுக்கு இழுக்கு எனல் பொருந்தாது. பழமை என்பதனாலேயே ஒன்று போற்றத்தக்கதாகிவிடாது. சோன்பூர் அழிவதாயின், அது யானை இல்லாமையால் அன்று. யானைக்குப் பின் உழவனும் வணிகனும் அங்கு வருதற்குத் தக்க காரணம் இல்லாமற் போவதனாலேயே அழியும்.

இனி, பார்ப்போர்க்கென்றே புதிதாக வகுக்கப்பட்ட விழாக்களை நோக்குவோர்க்குக் கஜுராஹோ நல்ல எடுத்துக்காட்டாகும். சந்தேல மன்னர் 10-ஆம், 11-ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய கோயில்களின் பின்னணியில் 1975-ஆம் ஆண்டு தொடக்கம் பெப்ருவரி மாதத்தில் நடனவிழா நிகழ்கின்றது. பரதம், கதக், ஒடிசி முதலிய நடனங்களில் தேர்ந்தோர் ஆடுகின்றனர். ஒளியூட்டிய கோபுரங்களின் முன் தேர்ந்த கலைஞர் ஆடுதல் கண்ணுக்கு விருந்தென்பதில் ஐயமில்லை. ஆயின் அக்கோயில்களின் நடுவே மதங்கேசுவரர் கோயில் ஒன்று உண்டு. ஏனைய கோயில்கள் தொல்பொருட் சின்னங்களாக நிற்க, அங்கே இன்றும் வழிபாடு நிகழ்கின்றது. மகா சிவராத்திரியில் அயற்கிராமத்தவர் திரண்டு வந்து நீர் சொரிந்து வணங்குகின்றனர், சந்தையும் கூடுகின்றது. நடனவிழாவுக்கும் சிவராத்திரிக்கும் இடையே சில ஆண்டுகளில் ஒருசில நாளே இடைவெளி. இரண்டும் ஒரே ஊரில் நிகழ்கின்றன. ஒன்றின் அரங்கிற் கோயில் திரைச்சீலை; மற்றொன்றிற் கோயிலே காரணம்.

2024-ஆம் ஆண்டு அந்நடனவிழாவின் 50-ஆவது நிகழ்வில் 1,484 பேர் ஒருங்கே கதக் ஆடி உலக சாதனைப் பதிவு பெற்றனர். ‘கதக் கும்பம்’ என அதற்குப் பெயரிட்டனர். கும்பமேளாவின் பெயரை இரவல் வாங்கியமை உற்றுநோக்கத்தக்கது. கும்பத்திற் கோடிப் பேர் கூடுதல் அவரவர் தம் பொருட்டு நீராட விரும்பியதன் விளைவு. இங்கோ தொகையே நோக்கமாகின்றது. அபிநயம் ஒருவர் முகத்தில் ஒருவர் காணவேண்டிய கலை. 1,484 முகங்களை ஒருங்கே காண வல்ல இரசிகன் இலன். எண்ணிக்கையைக் கலைக்கு அளவுகோலாகக் கொள்வது, சந்தையில் ஒட்டகத்தைத் தொகையால் மதிப்பதிலும் தாழ்ந்தது. ஒட்டக வணிகனாவது ஒவ்வொன்றின் பல்லையும் பார்க்கின்றான்.

இதனாற் புதிய விழாக்கள் யாவும் போலி என்று முடிவு கட்டலாகாது. சிதம்பரத்தில் 1981-ஆம் ஆண்டு தொடங்கிய நாட்டியாஞ்சலி விழாவும் புதியதே. ஆயின் அதன் நாளைச் சிவராத்திரி குறிக்கின்றது. ஆடவருவோர் ஆடல்வல்லானுக்குக் காணிக்கையாக ஆடுவதாகக் கருதி வருகின்றனர். முன்னிருப்போர் ஒருசிலரேயாயினும் அக்காணிக்கை குறைவதில்லை. ஆகவே வயதன்று, நோக்கமே வேறுபாட்டைத் தருகின்றது.

நாகாலாந்தின் ஹோர்ன்பில் விழா இதனினும் சிக்கலானது. இருவாய்ச்சிப் பறவையின் பெயர்கொண்ட இவ்விழா 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, கோஹிமாவுக்கு அணித்தான கிசாமாவில் ஆண்டுதோறும் டிசெம்பர் முதலாந் திகதி தொடக்கம் நிகழ்கின்றது. அத்திகதி 1963-இல் நாகாலாந்து தனி மாநிலமான நாள். நாகக் குடிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விழாக்கள் உண்டு. அங்காமியரின் செக்ரெனி பெப்ருவரியிலும், கொன்யாக்கரின் ஆவோலெங் ஏப்பிரலிலும், ஆவோக்களின் மோவாட்சு மே மாதத்திலும் நிகழ்வன. விதைப்பும் தூய்மைச் சடங்கும் அவற்றின் காலத்தை வகுத்தன. கிசாமாவிலோ விதைப்புப் பாட்டும் அறுவடைப் பாட்டும் ஒரே மாலையில் ஒன்றன்பின் ஒன்றாய் ஒலிக்கின்றன. நிலத்தினின்றும் பருவத்தினின்றும் பிரிக்கப்பட்ட பாட்டு வேரற்ற மலர் போல்வது என்பர் சிலர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் நாகர் பெரும்பாலும் கிறித்தவம் தழுவியபின் பழஞ்சடங்குகள் பல அருகின. பாட்டன் பாடிய பாட்டைப் பேரன் கற்பதற்கு ஏதேனும் ஒரு மேடை வேண்டியிருந்தது. பிரிந்து வாழ்ந்த குடிகள் ஒருவர் விழாவை மற்றவர் காணவும் அது களமாயிற்று. மேடையிற் கற்ற பாட்டு ஏப்பிரலிலும் மேயிலும் தன் கிராமத்துக்கு மீளுமாயின் விழா பயன்பட்டதாகும். டிசெம்பரோடு அது நின்றுவிடின் பயனில்லை. தீர்ப்பு கிசாமாவில் இல்லை, கிராமங்களில் இருக்கின்றது.

எதிர்பாராத விடையைத் தருவது சூரஜ்குண்டு. தில்லிக்கு அணித்தே, பழைய நீர்த்தடாகம் ஒன்றின் பெயர்பெற்ற இடத்தில், 1987-ஆம் ஆண்டு ஹரியானா அரசாங்கத்தின் உல்லாசப் பிரயாணத் துறையினரின் முயற்சியால் ஏற்பட்ட கைப்பணி மேளா அது. ஆண்டுக்கொரு மாநிலத்தைச் சிறப்பிக்கும் வழக்கமும் உண்டு. நாளைக் குறிப்பது பஞ்சாங்கமன்று, அலுவலகம். கிராமம் போல் அமைத்த குடில்களும் ஒப்பனையே. முதல் வினாவில் அது தோற்றுவிடுகின்றது. ஆனால் இரண்டாவது வினாவுக்கு அது கூறும் விடை வலிது. நெசவாளனும் குயவனும் மரச்சிற்பியும் தத்தம் கைவேலையோடு அமர்ந்திருக்கின்றனர். வந்தோர் பார்த்துச் செல்வதோடு அமையாது விலை பேசுகின்றனர், வாங்குகின்றனர். இடைத்தரகனின்றிச் செய்தோனும் கொள்வோனும் முகம் நோக்குகின்றனர். அம்மேளா ஓராண்டு நடவாது போயின் நட்டம் யாருக்கென்பதும் தெளிவு. புஷ்கரின் அலங்கார அரங்கினும் இந்த அரசாங்கச் சந்தையே பழைய மேளாவின் இயல்புக்கு அணித்தாய் நிற்கின்றது. பெயரிற் பழமை உடையது தேய, பெயரிற் புதுமை உடையது பழந்தொழிலைச் செய்கின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். விருந்தினர் தரும் பணமன்றோ புஷ்கரைக் காக்கின்றது, அவர் வாராவிடிற் சந்தை என்றோ மறைந்திருக்குமன்றோ என வினவலாம். தங்குவிடுதி நடாத்துவோரும் உணவுச்சாலை வைத்திருப்போரும் அதனாற் பயனடைகின்றனர் என்பது மெய்யே. ஆயின் அப்பணம் ஒட்டகம் வளர்ப்போனைச் சென்றடைவது அரிது. அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் புகைப்படத்துக்கு நின்றதற்கான சில்லறையும், விருந்தினரை ஏற்றிச்சென்ற சவாரிக் கூலியுமே. மேய்ச்சல் நிலம், மருந்து, ஒட்டகப் பாலுக்கும் மயிருக்கும் ஒழுங்கான விற்பனை ஆகியவையே அவன் வேண்டுவன. மேடைக்குச் செலவிடும் ஊக்கத்தில் ஒரு பகுதி இவற்றுக்குச் செலவாகுமாயின், காட்டுவதற்கும் ஏதேனும் எஞ்சியிருக்கும். ஒட்டகமின்றி ஒட்டக விழாவை நெடுங்காலம் நடாத்தல் இயலாது என்பதை வாணிகம் அறிந்தோராவது உணர்தல் வேண்டும்.

ஆராயுமிடத்துப் புலப்படுவது இதுவே. விருந்தினன் விழாவைக் கெடுப்பவன் அல்லன். அவன் பொருட்டே விழா என்னும் எண்ணமே அதனைக் கெடுக்கின்றது. தொழிலும் வழிபாடும் அடியில் இருக்கும்வரை மேலே எத்துணை வேடிக்கை நிகழினும் தீதில்லை. பழஞ்சந்தைகளிலும் கழைக்கூத்தும் பொம்மலாட்டமும் இருந்தன. அடி அழிந்தபின் வேடிக்கை மட்டும் நிற்குமாயின், அது தன்னைப் பழமையின் பெயரால் அழைத்துக்கொள்ளும் உரிமையை இழக்கின்றது. ஆகவே இத்தகைய விழாவொன்றுக்குச் செல்வோர், மாலையில் அரங்கின் முன் அமர்வதற்கு முன்னர், காலையில் மணல்வெளிக்குச் சென்று, விற்க வந்தவன் விற்றானா என்று ஒருமுறை கேட்டறிதல் நன்று. விழாவின் உண்மை நிலையை அவன் விடை கூறும்.

சாத்தனார் காலத்துப் புகாரில், முதலில் விழா மறக்கப்பட்டது. பின்னர் நகர் அழிந்தது. இன்றோ விழாவை எவரும் மறப்பதில்லை. ஆண்டுதோறும் முன்னினும் உரத்து முரசறைகின்றனர். எந்த வாழ்வின் பொருட்டு அது எழுந்ததோ அவ்வாழ்வுதான் மறக்கப்படுகின்றது. முரசொலி மிகுந்திருத்தலால் அம்மறதி பிறர் செவிக்கு எட்டுவதில்லை. அதனை எடுத்துக் கூறுதல் திறனாய்வின் கடமையாகும்.